முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில் எதை நடலாம்? கடுகு, கொத்தமல்லி, வெங்காயம், செண்டுமல்லி ஓர் ஒப்பீடு

முட்டைக்கோஸ் நாற்று நட்டு மூன்று வாரம் ஆனதும் இலைகளில் ஆங்காங்கே கண்ணாடி ஜன்னல் வைத்த மாதிரி வெளிறிய திட்டுகள் தெரியும். இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு, மேல்தோலை மட்டும் மெல்லிய சவ்வாக விட்டுவைக்கும் புழுவின் வேலை அது. வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. முழுதாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர்தான், வெளிர்ப்பச்சை நிறம். விரலால் தொட்டால் வெடுக்கென்று பின்னால் நெளிந்து, ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு கீழே தொங்கும். இந்த ஓர் அடையாளம் போதும்.

வீட்டுத் தோட்டத்தில் கோஸுக்குத் துணைச்செடி தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் புழுவுக்காகத்தான் தேடுகிறார்கள். அடுத்தது, கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினி. மருந்தடித்து இந்தப் பூச்சியை ஒழிப்பது எளிதல்ல. டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்புசக்தி பெற்ற முதல் பயிர்ப்பூச்சி இதுதான்; 1953-லேயே ஜாவாவில் பதிவானது. இயற்கை விவசாயிகள் நம்பும் பி.டி. பாக்டீரியா மருந்துக்கும் வயல்வெளியிலேயே எதிர்ப்புசக்தி பெற்ற முதல் பூச்சியும் இதுதான். ஹவாயில் கண்டறியப்பட்டு 1990-ல் வெளியானது. ஆகவே, இது பெருகிய பிறகு விரட்டுவதைவிடப் பெருக விடாமல் பார்ப்பதே வழி. பக்கத்தில் எந்தச் செடியை நடுகிறோம் என்பது அங்கேதான் உதவுகிறது.

ஆனால் கையில் கிடைக்கும் பட்டியல்கள் குழப்பத்தைத்தான் கூட்டுகின்றன. செண்டுமல்லி, புதினா, பூண்டு, துளசி, ரோஸ்மேரி என்று வாசனையுள்ள எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, 'பூச்சியை விரட்டும்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வாசனையால் பூச்சி ஓடும் என்பதற்கு ஆதாரம் குறைவு. இங்கிலாந்தில் வெல்ஸ்போர்ன் தோட்டக்கலை ஆய்வு நிலையத்தில் ஸ்டான் ஃபிஞ்சும் ரோஸ்மேரி காலியரும் கோஸ் வேர் ஈயை வைத்து இதைச் சோதித்தார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில், வாசனைச் செடிகள் வாசனையில்லாத சாதாரணப் பச்சைச் செடிகளைவிட எந்த வகையிலும் கூடுதலாகத் தடுக்கவில்லை. ஈ பச்சையாக எது தெரிந்தாலும் அதில் இறங்குகிறது. காலால் ருசி பார்க்கிறது. கோஸ் இலை என்று சில தடவை உறுதியான பிறகே முட்டையிடுகிறது. நடுவில் வேறு இலையில் இறங்கிவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது, அல்லது அது பறந்தே போய்விடுகிறது. அதாவது வெறும் மண்ணில் தனியாக நிற்கும் கோஸ்தான் சுலபமாக மாட்டிக்கொள்கிறது. அந்த ஈ நம் சமவெளிப் பிரச்சினை அல்ல. நம் அந்துப்பூச்சி பொழுது சாய்ந்த பிறகு பறப்பது. கோஸின் கார நெடியைப் பிடித்து வருவது. சுற்றிப் பச்சை இருப்பதால் மட்டும் அது முழுக்க ஏமாறாது. இருந்தாலும், துணைச்செடியை அதன் வாசனைக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அது செய்யும் வேலைக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இங்கும் பொருந்தும்.

வேலை என்று பார்த்தால் மூன்றே வகை. பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் செடி, பூச்சியைத் தின்னும் பூச்சிகளுக்குத் தீனி போடும் செடி, காலி இடத்தை நிரப்பி நமக்கும் ஏதாவது தரும் செடி. கடுகு முதல் வகை, கொத்தமல்லி இரண்டாவது, சின்ன வெங்காயம் மூன்றாவது. செண்டுமல்லிக்குப் பேர் பெரிது, கோஸில் அதன் வேலை சிறிது.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள ஒரு மேட்டுப்பாத்திக்கு. நீளவாக்கில் 40 செ.மீ. இடைவெளியில் மூன்று வரிசை, வரிசையில் 45 செ.மீ.க்கு ஒரு நாற்று என்று வைத்தால் 21 செடி பிடிக்கும். பாத்தி 15 முதல் 20 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், ஐப்பசி மழையில் தண்ணீர் நிற்கக் கூடாது. அடியுரமாக மக்கிய தொழுவுரம் 10 முதல் 12 கிலோ.

கடுகு

நம் ஊர் நிலைமையில் நன்றாகச் சோதிக்கப்பட்டது இதுதான். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வயலுக்குச் சொன்ன முறை: 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. ஒன்றைக் கோஸ் நடவுக்கு 15 நாள் முன்பும், மற்றதை நடவு முடிந்து 25 நாள் கழித்தும் விதைக்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 20 வரிசைக்கு ஒன்று என்கிறது. அந்துப்பூச்சி கோஸைவிடக் கடுகில் முட்டையிடுவதை விரும்புகிறது. அசுவினியும் இலையைப் பின்னிக்கொண்டு தின்னும் புழுவும்கூட முதலில் கடுகில்தான் ஏறும்.

இரண்டு தடவை விதைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சமவெளியில் கடுகு 35, 40 நாளில் பூத்துவிடும். பூத்துக் காய் பிடித்ததும் இலை முற்றி உதிரும், இழுக்கும் வேலையும் குறைந்துவிடும். கோஸோ 75 முதல் 90 நாள் நிற்கும். ஒரே விதைப்போடு நிறுத்தினால், கோஸ் உருண்டை பிடிக்கும் நேரத்தில் கடுகு முடிந்திருக்கும். அங்கிருந்த பூச்சிக்கு அடுத்த வீடு கோஸ்தான்.

வீட்டுப் பாத்திக்கு, நீளப் பக்கம் இரண்டிலும் பாத்தி விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு வரிசை போதும். ஒரு வரிசைக்கு 10, 12 செடிக்கு மேல் நிற்க விடாதீர்கள். வயலுக்கே 25-க்கு 2 என்றால் கடுகு நிறைய வேண்டும் என்று அர்த்தமில்லை. அதிகக் கடுகு என்றால் அதிகப் புழு. விதைக்குக் கடைக்கு அலைய வேண்டாம். சமையலறைக் கடுகில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, அரை சென்டிமீட்டர் மண் மூடினால் நான்கைந்து நாளில் முளைக்கும். பிறகு 25 செ.மீ.க்கு ஒன்றாகக் கலைத்துவிடலாம். பிடுங்கியது கீரைக்கு ஆகும்.

இனிதான் முக்கியமான விஷயம். கடுகில் முட்டையிட்ட அந்துப்பூச்சியின் புழு கடுகைத் தின்று சாவதில்லை. அங்கேயே நன்றாக வளர்ந்து, கூடு கட்டி, அந்துப்பூச்சியாகி அடுத்த தலைமுறைக்குக் கோஸைத் தேடி வரும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை சுமார் இரண்டு, மூன்று வாரம்தான். கவனிக்காமல் விட்ட கடுகு, கோஸ் பாத்தியின் ஓரத்தில் நாமே நடத்தும் புழுப்பண்ணை. 'கடுகு போட்டோம், புழு கூடிவிட்டது' என்று சொல்கிறவர்களின் தோட்டத்தில் நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

எனவே வாரம் இரண்டு தடவை கடுகு இலையைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும். முட்டை அரை மில்லிமீட்டர் அளவில் மஞ்சளாக, நரம்பு ஓரமாக ஒட்டியிருக்கும். கண்ணுக்கு அது எளிதில் படாது. ஜன்னல் விழுந்த இலையைத் தேடுவது சுலபம். அந்த இலையைக் கிள்ளி, ஒரு வாளி சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். செடி முழுக்கப் பரவியிருந்தால் வேரோடு பிடுங்குங்கள். பிடுங்கும்போது உதறக் கூடாது. உதறினால் புழு நூலில் இறங்கித் தப்பிவிடும். பையால் மூடி அப்படியே எடுக்க வேண்டும். மார்கழிக் குளிரில் கடுகுப் பூங்கொத்தில் அசுவினி அப்பிக்கொண்டால், அந்தக் கொத்தையும் இதே மாதிரிப் பையால் மூடி ஒடித்துவிடுவது நல்லது.

கையால் எடுத்து மாளவில்லை என்றால் பி.டி. மருந்து, லிட்டருக்கு 2 கிராம், பொழுது சாயும் நேரத்தில் கடுகுக்கு மட்டும். வெயிலில் அது சீக்கிரம் வலுவிழந்துவிடும். பலரும் இந்த இடத்தில் வேப்பங்கொட்டைக் கரைசலைக் கடுகுக்கு அடிக்கிறார்கள். அது தலைகீழ் வேலை. வேம்பு முட்டையிட வரும் அந்துப்பூச்சியைத் தயங்க வைக்கிறது. கடுகில் அடித்தால் அது கோஸுக்குத்தான் போகும். வேம்பு கோஸுக்கு, பி.டி.யோ கைவேலையோ கடுகுக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் ஒன்று தள்ளும், மற்றது இழுக்கும். பழைய பரிந்துரைகளில் கடுகுக்கு டைக்குளோர்வாஸ் என்ற ரசாயனப் பூச்சிக்கொல்லியை அடிக்கச் சொல்லியிருப்பார்கள். 2020 இறுதியோடு அதன் பயன்பாடு இந்தியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் அது எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் பிழிந்து வடிகட்ட வேண்டும். இரண்டு கிராம் காதி சோப்பு சேர்க்க மறக்காதீர்கள். கோஸ் இலையில் மெழுகுப் படலம் உண்டு. சோப்பு இல்லாத கரைசல் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்துவிடும்.

கடுகுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது கோஸின் சொந்தக் குடும்பம். இலை ஓரத்தில் ஆங்கில 'வி' போல மஞ்சளாகத் தொடங்கி நரம்பு கறுக்கும் கருப்பு அழுகல் நோய் கடுகையும் பிடிக்கும். மலைப்பகுதியில் வேர் குண்டு குண்டாக வீங்கிச் செடி வாடும் நோயும் அப்படியே. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வேர் வீக்கம் கண்ட மண் என்றால் அங்கே கடுகு வேண்டவே வேண்டாம். முள்ளங்கி, நூக்கோல், காலிஃபிளவர் ஆகியவற்றையும் அதே காரணத்துக்காக ஒதுக்கி வையுங்கள். அங்கே இடைவெளியில் மலைப்பூண்டும் பட்டாணியும் பொருத்தமான துணை.

கொத்தமல்லி

கடுகு கேட்கும் கவனத்தைக் கொத்தமல்லி கேட்காது. இது பூச்சியை விரட்டுவதற்கு அல்ல, விருந்து வைப்பதற்கு. குடை மாதிரி விரியும் அதன் சிறிய வெள்ளைப் பூக்களில் தேன் மேலாகவே இருக்கும். புழு, அசுவினியின் உடலுக்குள் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும், வாய் குட்டையான ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் பொறிவண்டுக்கும் அது எட்டும். பூவுக்கு முன்னால் அசையாமல் அந்தரத்தில் நிற்கும் சிர்பிட் ஈக்கு மகரந்தம் கிடைத்தால்தான் முட்டை முதிரும். அது முட்டையிடுவது அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில். கால் இல்லாத, நத்தைக்குட்டி மாதிரி நெளியும் அதன் புழுவுக்கு அசுவினிதான் சாப்பாடு.

கோஸ் இலையைத் திருப்பும்போது இந்தக் கூட்டாளிகளை அடையாளம் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நம் கையாலேயே நசுக்கிவிடுவோம். வைரமுதுகுப் புழுவின் கூடு சல்லடைபோல இருக்கும், உள்ளே கூட்டுப்புழு தெரியும். அதே இலையில் அதைவிடச் சிறியதாக, அடர்ந்த வெள்ளைப் பட்டுக் கூடு ஒன்று, உள்ளே எதுவும் தெரியாமல் ஒட்டியிருந்தால் அது கோட்டீசியா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. பக்கத்தில் அது தின்று முடித்த புழுவின் வற்றிய தோலும் சில சமயம் கிடக்கும். அந்த இலையைத் தொடாதீர்கள். அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் பழுப்பாக, காகிதம் மாதிரி உப்பி, அசையாமல் நின்றால் அவையும் குளவி பிடித்தவை. முதுகில் வட்டமாகத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. சமவெளிச் சூட்டில் வேலை செய்வது கோட்டீசியா. மலைக்குளிரில் டையடெக்மா என்ற வேறொரு குளவி.

சிக்கல் ஒன்றுதான். பூத்தால்தான் பயன். நாமோ இலைக்காகப் பூக்கும் முன்பே அறுத்துவிடுவோம். அறுத்த கொத்தமல்லியால் கோஸுக்கு எந்த லாபமும் இல்லை. பாத்தியின் இரு குறுகிய முனைகளிலும் 30 செ.மீ. அகலப் பட்டை ஒதுக்கி, முனைக்கு 5 கிராம் விதை போடுங்கள். விதையை இரண்டாக உடைத்து 12 மணி நேரம் ஊறவைத்தால் பத்து நாளில் முளைக்கும். 25-ஆம் நாளிலிருந்து கலைத்துக் கலைத்துச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். முப்பது செடி மட்டும் ஒரு சாண் இடைவெளியில் பூக்கட்டும். சமவெளியில் 40, 45 நாளில் பூக்கும். முதல் முனையைக் கோஸ் நடும் அன்றும், அடுத்த முனையை 20 நாள் கழித்தும் விதைத்தால், கோஸ் அறுவடை வரை பூ இருந்துகொண்டே இருக்கும்.

அசுவினி வந்த பிறகு விதைத்துப் பயனில்லை. கொத்தமல்லி பூக்கும் வரை காத்திருக்கும் பொறுமை அசுவினிக்கு இல்லை. அதோடு, தோட்டத்தில் எங்காவது பூச்சிக்கொல்லி அடித்துக்கொண்டே இந்தப் பூக்களை வைப்பதும் வீண். விருந்தாளிதான் முதலில் சாவான்.

சின்ன வெங்காயம்

வெங்காய வாசனைக்கு அந்துப்பூச்சி பயப்படும் என்று எதிர்பார்த்து நட்டால் ஏமாற்றம்தான். ஆனால் இடத்துக்கு ஏற்ற பயிர் என்று பார்த்தால் இதற்கு இணையில்லை. கோஸ் இலை விரிந்து இடத்தை அடைக்க 40 நாளுக்கு மேல் ஆகும். அதுவரை வரிசைகளுக்கு நடுவில் கிடக்கும் வெற்று மண்ணில் வெங்காயம் வளர்ந்துவிடும். வேர் மேலோட்டம், நிழல் கிடையாது, கோஸுக்கு வரும் புழுவும் நோயும் இதற்கு வராது. கோஸ் வரிசைகளுக்கு நடுவில் உள்ள இரண்டு இடைவெளியிலும் 10 செ.மீ.க்கு ஒன்றாக 60 காய் போதும். எடையில் சுமார் 300 முதல் 350 கிராம்.

தண்ணீரில்தான் இரண்டும் மோதிக்கொள்ளும். வெங்காயம் முற்றிக் காய வேண்டும் என்றால் கடைசிப் பத்து நாள் பாசனத்தை நிறுத்த வேண்டும். அது கோஸ் உருண்டை பருக்கும் காலம். அப்போது காயப்போட்டு, பிறகு திடீரென்று தண்ணீர் விட்டால் உருண்டை வெடித்துவிடும். ஆகவே இந்தப் பாத்தியில் சேமித்துவைக்கும் வெங்காயத்துக்கு ஆசைப்படாதீர்கள். 45, 50 நாளில் தாளோடு பச்சையாகப் பிடுங்கிவிடுங்கள். கோஸ் உள்இலைகள் கிண்ணம்போல மடங்கத் தொடங்கும் நேரமும் அதுதான். சரியாக அப்போது இடம் காலியாகும்.

செண்டுமல்லி

இதை நடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இதை மட்டும் நம்பாதீர்கள். செண்டுமல்லிக்குக் கிடைத்த புகழ் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை நட்டுக் காய்ப்புழுவை இழுக்கும் முறை. அது வேறு புழு. கோஸின் அந்துப்பூச்சி செண்டுமல்லியைத் திரும்பியும் பார்க்காது. இன்னொன்று, அதன் வேரிலிருந்து வரும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்குவது. உண்மைதான், ஆனால் அதற்குப் பாத்தி முழுக்க நெருக்கமாக இரண்டு, மூன்று மாதம் வளர்த்து மடக்கி உழ வேண்டும். நான்கு மூலையில் நான்கு செடி வைத்து அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

பூவுக்கு வரும் நன்மை செய்யும் பூச்சிகள் ஒரு லாபம்தான். அதற்கு 25, 30 செ.மீ. உயரத்தில் நிற்கும் குட்டை ரகத்தை மூலையில் வையுங்கள். மாலைக்கு வளர்க்கும் உயர ரகம் 75 செ.மீ.க்கு மேல் போய்க் கோஸை நிழலில் தள்ளும். வெயில் ஏறும்போது செஞ்சிலந்தி செண்டுமல்லியில்தான் முதலில் கூடும். இலை வெளிறி, மெல்லிய வலை தெரிந்தால் அந்தச் செடியை எடுத்துவிடலாம்.

மற்றவை

தக்காளிக்கு நடுவில் கோஸ் நட்டால் அந்துப்பூச்சி குறைகிறது என்று 1970-களிலேயே பிலிப்பைன்ஸில் கண்டார்கள். பிறகு எல்லா ஊரிலும் அது அப்படியே நடக்கவில்லை. தக்காளியை ஒரு மாதம் முன்பே நட்டு உயர்த்தியிருக்க வேண்டும். 1.2 மீட்டர் பாத்தியில் அதைச் செய்தால் கோஸுக்கு வெயில் மிஞ்சாது. ஏற்கெனவே தக்காளி வரிசை இருக்கிறது என்றால் கோஸை அதன் தெற்குப் பக்கம் நடுங்கள். நம் குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே விழும். கடுகுக்கும் இதே கணக்கு: தெற்கு வரிசைக் கடுகு இடுப்புயரம் போனதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும்.

வெந்தயத்தையும் தட்டைப்பயறையும் 'தழைச்சத்து தரும்' என்று சொல்லிச் சேர்ப்பார்கள். வேர்முடிச்சில் சேரும் தழைச்சத்து, செடி நிற்கும்போதே பக்கத்துக் கோஸுக்குப் பெரிதாகப் போவதில்லை. செடி மக்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான் கிடைக்கும். வெந்தயம் 25 நாளில் கீரையாகும், மண்ணை மூடும். அந்த அளவில் நல்லது. தட்டைப்பயறின் பயன் வேறு. அதில் வரும் கறுப்பு அசுவினி கோஸுக்குப் போகாது, ஆனால் பொறிவண்டுகளை அங்கே குடியேற்றிவிடும். கொடி ஓடாத குத்து ரகத்தில் நாலைந்து செடியைப் பாத்திக்கு ஒரு மீட்டர் தள்ளி வைக்கலாம். புதினா வேண்டுமானால் தொட்டியில் மட்டும். தரையில் விட்டால் பாத்தியே அதனுடையதாகிவிடும்.

வலை என்ற போட்டியாளர்

துணைச்செடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் மட்டும் போதாது. 40 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 40 கண்) பூச்சித்தடுப்பு வலை இவை எல்லாவற்றையும்விட உறுதியாக அந்துப்பூச்சியைத் தடுக்கும். கோஸுக்கு மகரந்தச் சேர்க்கை தேவையில்லை என்பதால் கடைசி வரை மூடியே வைக்கலாம். நடவு செய்த அன்றே மூட வேண்டும், ஓரங்களை மண்ணில் புதைக்க வேண்டும், வளைவுக் கம்பி 60 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். இலை வலையைத் தொட்டால் அந்துப்பூச்சி வெளியிலிருந்தே முட்டையிட்டுவிடும். நாற்றோடு ஒரு புழு உள்ளே போனால் அதற்கு எதிரியே கிடையாது; குளவியும் பொறிவண்டும் வெளியே நிற்கும். வெயிலில் உள்ளே சூடும் ஈரமும் கூடும், கருப்பு அழுகல் பரவ அது வசதி. வாரக்கணக்கில் தோட்டத்தை எட்டிப்பார்க்க முடியாதவர்களுக்கு வலைதான் சரி. அப்போது கடுகும் கொத்தமல்லிப் பூவும் தேவையில்லை, வெங்காயம் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

எதைத் தேர்வது

வாரம் இரண்டு நாள், பத்து நிமிடமாவது இலையைத் திருப்பிப் பார்ப்பீர்களா? முதலில் இதைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆம் என்றால் கடுகு, கொத்தமல்லி, வெங்காயம் மூன்றும். இல்லை என்றால் கடுகை விட்டுவிட்டு மற்ற இரண்டும். கவனிக்க முடியாதவர் கடுகு போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். அசுவினிதான் உங்கள் பெரிய தொல்லை என்றால் கொத்தமல்லிக்கும் தட்டைப்பயறுக்கும் முதலிடம். தழைச்சத்து உரத்தையும் குறையுங்கள், கொழுத்த இளந்தளிருக்குத்தான் அசுவினி கூடும்.

மாடித்தோட்டத்தில் கடுகுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. 20 லிட்டர் பைக்கு ஒரு கோஸ். பத்துப் பைக்கு இரண்டு பை கடுகு, மூன்று பை கொத்தமல்லி. புழு பிடித்த கடுகுப் பையைத் தூக்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் வைத்துச் சுத்தம் செய்யலாம். தரையில் இது முடியாது. ஆனால் கோஸ் இருக்கும் அதே பையில் வேறு எதையும் நெருக்கி நடாதீர்கள். கோஸ் வேர் மேல்மண்ணிலேயே பரவுவது; அந்தச் சிறிய இடத்தில் பங்காளி வந்தால் உருண்டை எலுமிச்சை அளவில் நின்றுவிடும். தரையிலும் உள்இலை மடங்கத் தொடங்கியதும் தண்டிலிருந்து 15 செ.மீ.க்குள் வேறு எந்தச் செடியும் இருக்கக் கூடாது.

சமவெளிக்கு ஒரு நாள்கணக்கு: அக்டோபர் 1 நாற்றங்காலில் கோஸ் விதை. அக்டோபர் 13 முதலாம் கடுகு. அக்டோபர் 28 நடவு. அன்றே வெங்காயமும் முதல் முனைக் கொத்தமல்லியும். நவம்பர் 17 இரண்டாம் முனைக் கொத்தமல்லி. நவம்பர் 22 இரண்டாம் கடுகு. இது ஓரளவு வளர்ந்து நின்ற பிறகே முதல் கடுகைப் பிடுங்க வேண்டும், இடையில் ஒரு வாரம்கூடக் கடுகு இல்லாமல் இருக்கக் கூடாது. டிசம்பர் நடுவில் வெங்காயம் எடுப்பு. ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து கோஸ். அடைமழை நாட்களில் புழு அடித்துப்போய்க் குறைந்திருக்கும். அதைப் பார்த்து இரண்டாம் கடுகைத் தவிர்த்துவிடாதீர்கள், மழை விட்டு வெயில் நிலைத்ததும் கூட்டம் திரும்பும்.

எல்லாம் செய்தும் ஒரு செடிக்குச் சராசரி இரண்டு புழுவுக்கு மேல் தெரிந்தால், துணைச்செடியை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். கோஸுக்கும் ஒருமுறை பி.டி. அடித்து, ஐந்தாம் நாள் மறுபடி எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்து அதையே அடிக்காமல் நடுவில் வேம்பு மாற்றிக்கொள்ளுங்கள்.

உருண்டையை அறுத்த பிறகு அடித்தண்டை அப்படியே விடுகிற வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அது பக்கத்தளிர் விடும். அந்தத் தளிரில்தான் புழு அடுத்த நடவுக்காகக் காத்திருக்கும். அறுத்த அன்றே வேரோடு பிடுங்கி, மிச்சக் கடுகையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். அந்தப் பாத்தியில் அடுத்து அவரை, வெண்டை, கீரை எதுவும் போடலாம். கடுகு, முள்ளங்கி, நூக்கோல் மட்டும் கோஸ் கணக்கிலேயே சேரும். இரண்டு வருடமாவது அவை வேறு பாத்திக்குப் போகட்டும்.